பத்திரமா இருக்கிற லினக்ஸ்

வீட்ல ஒரே லேப்டாப். டிஸ்க் 256 ஜிபி. மனைவியோட ஸ்கூல் வேலைக்கு விண்டோஸ் வேணும், நாளைக்கு ஆரம்பிக்கிற ட்ரெய்னிங்குக்கு எனக்கு லினக்ஸ் வேணும். ரெண்டு நாள் கெஞ்சி என் பங்கா நூறு ஜிபி வாங்கினேன்.

டிஸ்க்கைப் பிரிச்சு லினக்ஸ் போட்டுத்தரச் சொல்லி லிங்கராஜபுரத்துல ஒரு சர்வீஸ் கடையில கொடுத்தேன். போர்டுலயே "எக்ஸ்பர்ட்"னு போட்டிருக்கார் மனுஷன்.

இன்னிக்குப் போனா, "எல்லா ஆயித்து சார், எல்லாம் முடிஞ்சுது"னு நீட்டினார். ஆன் பண்ணேன். நேரா விண்டோஸ்.

"லினக்ஸ் எங்கண்ணா?"

நூறு ஜிபில புதுசா ஒரு டிரைவைத் திறந்து காட்டினார். அதுக்கு லினக்ஸ்னு பேர். உள்ள டவுன்லோட் பண்ண இன்ஸ்டால் ஃபைல் அப்படியே கிடக்கு.

"இன்ஸ்டாலே பண்ணலையே?"

"ரெண்டும் ஒரே டிஸ்க்ல ஓடினா சண்டை போடும் சார். அதான் சேஃபா வெச்சிருக்கேன்."

குக்கரை அட்டைப்பெட்டியோட அடுப்புல ஏத்திட்டு, சாப்பாடு ரெடின்னு சொல்ற ஆளு. இதுல பதினஞ்சு வருஷ அனுபவமாம், த்தூ!

வீட்டுக்கு வந்து புலம்பினேன். மனைவி எட்டிப் பார்த்தா.

"அப்போ அந்த நூறு ஜிபி சும்மாதானே இருக்கு?"

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள ஸ்கூல் ஆண்டு விழா வீடியோ பூரா அதுல ஏறிடுச்சு.

நாளைக்கு ட்ரெய்னிங்ல கேட்டா, "லினக்ஸ் இருக்கு சார், சேஃபா இருக்கு"ன்னு சொல்லலாம்னு இருக்கேன். நம்புவாங்களா மக்களே?