மூன்று இழை ஃபியூஸ்

மே மாதம் வந்துவிட்டால் எங்கள் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் வெங்கடராமனுக்குத் தனி மவுசு. அலுவலகத்தில் அவர் மின் ஆய்வாளர். நான் அவருக்கு அடுத்த நாற்காலி. தண்ணீர் ஊற்றும் தகரக் கூலர் ஓடத் தொடங்கியதும் வீட்டுக்கு வீடு ஃபியூஸ் போகும். யார் கூப்பிட்டாலும் வேட்டியை மடித்துக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒற்றை இழைக்குப் பதில் மூன்று இழையை முறுக்கிப் போடுவார். பிறகு அந்த வீட்டில் ஃபியூஸ் போகவே போகாது. காபி குடித்துவிட்டு வருவார்.

எர்த் கம்பியின் பருமனைச் சரிபார்ப்பதும் அவர் வேலைதான். கூலர் தகரத்தில் மின்சாரம் கசிந்தால் அது எர்த் கம்பி வழியே பாய்ந்து ஃபியூஸை எரிக்க வேண்டும். ஃபியூஸைத் தடிமனாக்கினால் எர்த் கம்பியும் தடிமனாக வேண்டும். இல்லாவிட்டால் கம்பிதான் முதலில் கருகும், தகரத்தில் மின்சாரம் அப்படியே நிற்கும். எனக்கே படம் போட்டு இதை விளக்கியவர் அவர். ஆனால் வருடாந்திரச் சோதனையில் கம்பியில் பல்பைத் தொட்டுப் பார்ப்பார். எரிந்தால் 'சரி' என்று எழுதிவிடுவார். பல்பு எரிய நூல் போன்ற கம்பி போதும். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

எண்பத்தொன்றாம் வருடம் ஜூனில், அவர் ஃபியூஸ் போட்டுக் கொடுத்த ஒரு வீட்டில், வேலை செய்யும் ஆராயி கூலருக்குத் தண்ணீர் ஊற்றப் போனாள். மின்சாரம் தூக்கி எறிந்தது. உயிர் பிழைத்தாள், வலது கை விரல்கள் மட்டும் மடங்கவில்லை. நாங்கள் போய்ப் பார்த்தபோது எர்த் கம்பி கருகி இரண்டாகக் கிடந்தது. ஃபியூஸுக்கு ஒன்றும் ஆகவில்லை.

'ஈரக் கையால் தொட்டதே காரணம்' என்று வெங்கடராமன் அறிக்கை எழுதினார்.

"பொண்ணுக்கு ஆவணில கல்யாணம் ஓய். இப்ப வேலை போனா என்ன பண்ணுவேன்?" என்றார்.

இரண்டாவது கையெழுத்து என்னுடையது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் போட்டேன்.

அதன்பின் ஞாயிறுதோறும் வீடு வீடாக ஏறி இறங்கி ஃபியூஸை ஒற்றை இழையாக்கினார், எர்த் கம்பியை மாற்றினார். மறுபடி ஃபியூஸ் போகிறதே என்று எல்லோரும் திட்டினார்கள். வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

ஒரு மாதம் கழித்து ஆராயி பஸ் ஸ்டாப்பில் எங்களை மறித்தாள். கையில் இன்னும் கட்டு.

"சாமி, நீங்க எழுதுனதப் படிச்சுச் சொன்னாங்க. எந் தப்புத்தானாம். எம் புருசன் கேக்க மாட்டேங்கறான், மேல மனுக் குடுப்பேன்னு குதிக்கறான். நீங்க படிச்சவங்க, ஒரு வார்த்த சொன்னா அடங்கிருவான்."

வெங்கடராமன் என்னைப் பார்த்தார். நான் பஸ் வருகிறதா என்று பார்த்தேன்.

"சொல்றேம்மா" என்றார்.

அன்று சாயங்காலமே அவள் குடிசைக்குப் போய்ச் சொல்லியும்விட்டார். நான் கூட நின்று தலையாட்டினேன்.