மனுவில் முதல் கையெழுத்து

போன திங்கட்கிழமை, கடலூர் கலெக்டர் ஆபீஸ் வாசல்ல ஒரு போலீஸ்காரம்மா என் தண்ணி பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தாங்க. மண்ணெண்ணெய் இல்லைன்னு உறுதியானதும் மூடிக் குடுத்தாங்க. மனு குடுக்க வர்ற எல்லாருக்கும் இதே பரிசோதனைதான். பத்து வருஷம் முன்னாடியா இருந்தா எனக்குக் கோபம் வந்திருக்கும், இதை வெச்சே பத்திரிகைல ஒரு வாரக் கட்டுரையை ஓட்டியிருப்பேன். இப்போ... மோந்து பார்த்துக்குங்கம்மா, எனக்கென்ன.

நாங்க ஆறு பேர் சிதம்பரத்துல இருந்து வேன் பிடிச்சுப் போயிருந்தோம். கோரிக்கை ஒண்ணே ஒண்ணுதான். எங்க ஊராட்சியை நகராட்சியோட சேர்த்துடுங்க.

என் தெருவைப் பத்தித் தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். சிதம்பரத்தை ஒட்டி, வயலை மனை போட்டு வித்த ஒரு நகர்ல இருக்கேன். பேருதான் நகர், இருக்கிறது கிராம ஊராட்சியில. தெருவுல எதிர் வரிசை நகராட்சி. அவுங்களுக்கு மூடி போட்ட சாக்கடை உண்டு. காலையில பாட்டுப் போட்டுக்கிட்டு குப்பை வண்டி வரும். எங்க வரிசைக்கு ரெண்டும் கிடையாது. குளிச்ச தண்ணி, பாத்திரம் கழுவின தண்ணி, மழைத் தண்ணி எல்லாம் எங்க கேட்டுக்கு முன்னாடியே நிக்கும். ஐப்பசி மழையில இருந்து ஆறு சிமெண்ட் கல்லைப் போட்டு, அதுமேல கால் வெச்சு வெச்சுத்தான் ரோட்டுக்கு வர்றேன். எனக்கு வயசு ஐம்பத்தெட்டு. பாண்டி ஆடுற வயசா இது?

குப்பைக் கதை இன்னும் மோசம். ஒருநாள் காலையில ஸ்கூட்டர்ல குப்பைப் பையை வெச்சுக்கிட்டுப் போய், தெருக்கோடியில இருக்கிற நகராட்சித் தொட்டியில போடப் பார்த்தேன். தூய்மைப் பணியாளர் அம்மா ஒருத்தங்க பிடிச்சுக்கிட்டாங்க. "யம்மா, இது பஞ்சாயத்துக் குப்பை. இங்க போடாதீங்க"ன்னாங்க. குப்பையில ஊர் பேரா எழுதியிருக்கு? என் மூஞ்சியில எழுதியிருந்திருக்கும் போல.

அதனாலதான் எங்க நகர் நலச் சங்கம் இந்த மனுவைக் கையில எடுத்துச்சு. சங்கத் தலைவர் சம்பந்தம் சார், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். "நீங்கதான் பத்திரிகைல எழுதுறவங்களாச்சே மேடம்"னு மனு எழுதுற வேலையை எங்கிட்டயே தள்ளிட்டாரு. எழுதினேன். 'எங்கள் ஊராட்சி மக்கள் அனைவரும் ஒருமனதாகக் கேட்டுக்கொள்வது...' இப்படி ஆரம்பிச்சு ரெண்டு பக்கம். எழுதினவ நான்தானே, முதல் கையெழுத்தும் என்னோடதுதான்.

சரி, கலெக்டர் ஆபீசுக்கு வருவோம். டோக்கன் வாங்கிட்டு வரிசையில நிக்கிறோம். பின்னாடி ஒரு இருபது பொம்பளைங்க வந்து சேர்ந்தாங்க. அவுங்கள்ல முன்னாடி நின்னவங்களைப் பார்த்தா... அஞ்சலை!

அஞ்சலையக்கா எங்க தெருவுக்குக் கீரை கொண்டு வர்றவங்க. அதே ஊராட்சிதான், ஆனா வீடு பழைய ஊர்ப் பக்கம். அறுபது தாண்டியிருக்கும். எழுதப் படிக்கத் தெரியாது. கீரை விக்கிறது போக நூறு நாள் வேலைக்குப் போவாங்க.

என்னைப் பார்த்ததும் அவுங்களுக்கு அப்படி ஒரு சந்தோஷம். "யம்மா, எங்களுக்காக நீங்களும் வந்துட்டீங்களா?"ன்னாங்க. கூட வந்தவங்க பக்கம் திரும்பி, "நான் சொன்னேன்ல, பத்திரிகைல எழுதுறவங்கன்னு... இவுங்கதான். நம்ம மனுவுல மொத கையெழுத்து இவுங்களோடதுதான்."

சம்பந்தம் சார் மெதுவா என் பக்கம் திரும்பினாரு. "எந்த மனு?"

"எங்க ஊரை டவுனோட சேக்காதீங்கன்னு குடுக்கிற மனு சார்"னாங்க அஞ்சலையக்கா. "டவுனுன்னு ஆயிட்டா நூறு நாள் வேலை குடுக்க மாட்டாங்களாமே?"

எனக்கு அப்பதான் ஞாபகம் வந்துச்சு. பத்து நாள் முன்னாடி, காலையில, கீரையோட ஒரு காகிதத்தையும் நீட்டினாங்க. "நம்ம ஊருக்காக ஒரு மனும்மா. உங்க பேரு மேல இருந்தா மதிப்பா இருக்கும்." என் காதுல போன். கண்ணாடி உள்ள டேபிள் மேல. ரேஷன் கடைக்குத்தான் கேக்குறாங்க போலன்னு போட்டுக் குடுத்துட்டேன்.

நம்மளோட பழக்கமே அதுதானே? யாரு வாசல்ல வந்து காகிதத்தை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டுடுவோம். பஸ் ஸ்டாப்புக்கா, கோயிலுக்கா, டாஸ்மாக்கை மூடவா... யாரு பார்க்கிறா? உக்காந்து படிச்சா அவுங்களை நம்பலைன்னு ஆயிடுமோன்னு ஒரு கூச்சம் வேற!

"அந்த மனுவுல இருந்து உங்க பேரை அடிங்க மேடம். இப்பவே அடிங்க"ன்னு சம்பந்தம் சார் பேனாவை நீட்டினாரு.

அஞ்சலையக்கா என்னையும் அவரையும் எங்க ஃபைலையும் மாறி மாறிப் பார்த்தாங்க. புரிஞ்சுபோச்சு. கோபமே இல்லை அந்த முகத்துல. அதுதான் தாங்கலை.

"படிச்சுட்டுத்தான் போட்டீங்கன்னு நெனச்சேன்மா"ன்னாங்க. மனுவை எங்கிட்ட குடுத்துட்டாங்க.

இந்தத் தடவை கண்ணாடி போட்டுக்கிட்டுப் படிச்சேன். காலேஜ் போற பொண்ணு யாரோ எழுதியிருக்கணும். 'நடவுக்கு மெஷின் வந்துவிட்டது. அறுவடைக்கும் மெஷின் வந்துவிட்டது. எங்கள் வயதில் எங்களை யாரும் வேலைக்குக் கூப்பிடுவதில்லை. இந்த ஒரு வேலையில்தான் காலையில் எங்கள் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.' அவ்வளவுதான், அரைப் பக்கம்கூட இல்லை. கீழே என் கையெழுத்து. அதுக்குக் கீழே வரிசையா கைரேகைங்க. எனக்கு வெக்கமா இருந்துச்சு. நிஜமாவே வெக்கமா இருந்துச்சு.

"அக்கா, எங்க வாசல் தண்ணி...?"ன்னு இழுத்தேன்.

"தெரியாதாம்மா? அந்தக் கல்லு மேல கால் வெச்சுத்தானே தெனம் கீரை குடுக்கிறேன்? சாக்கடை கட்டுங்கன்னு எழுதுங்க, நானும் ரேகை வெக்கிறேன். அதுக்கு ஏன் ஊரையே மாத்தணும்?"

"நாலு தடவை கேட்டுப் பார்த்தாச்சுக்கா. அலுத்துப் போச்சு."

"எங்களுக்குந்தான்மா."

எங்க டோக்கன் நம்பரைக் கூப்பிட்டாங்க. "சீக்கிரம் மேடம்"னாரு சம்பந்தம் சார். பேனாவை வாங்கினேன். அஞ்சலையக்கா மனுவை அப்படியே திருப்பிக் குடுத்தேன். எங்க ஃபைலைப் பிரிச்சு, 'எங்கள் ஊராட்சி மக்கள் அனைவரும் ஒருமனதாக'ங்கிறதை அடிச்சுட்டு, 'எங்கள் தெருவில் சிலர்'னு எழுதினேன். பொய் எழுதினது நான்தான், அடிக்க வேண்டியதும் நான்தானே? தண்ணி நிக்கிறது நிஜம். வேலை போயிடும்னு அவுங்க பயப்படுறதும் நிஜம். இதுல எந்தக் கையெழுத்தை நான் அடிக்க?

ரெண்டு மனுவுக்கும் ரசீது குடுத்தாங்க. ரெண்டும் ஒரே செக்‌ஷனுக்குத்தான் போகுமாம். திரும்பி வரும்போது சம்பந்தம் சார் என் பக்கத்துல உக்காராம, வேன்ல முன் சீட்டுக்குப் போயிட்டாரு. அவர் வீட்டு வாசல்லயும் தண்ணிதான். அவர் கோபத்துல தப்பே இல்லை.

அன்னிக்கே உக்காந்து, சாக்கடை மட்டும் கேட்டு ஊராட்சிக்கு ஒரு மனு எழுதினேன். இது அஞ்சாவது. நடக்கும்னு பெருசா நம்பிக்கை எல்லாம் இல்லை.

மறுநாள் காலையில அஞ்சலையக்கா வழக்கம்போல ஆறாவது கல்லு மேல நின்னு அரைக்கீரை குடுத்தாங்க. நான் மனுவையும் மை டப்பாவையும் நீட்டினேன். கட்டை விரலை உள்ளங்கைக்குள்ள மடக்கிக்கிட்டாங்க.

"என்னா எழுதியிருக்கு? படிங்க."

ஒரு வரி விடாமப் படிச்சுக் காட்டினேன்.

"இன்னொரு தடவை படிங்கம்மா"ன்னாங்க.

படிச்சேன்.