ஒரே போர்ட்டில் இரண்டு மெஷின்

எங்கள் ஊர் பால் சொசைட்டிக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, கம்பம் டவுனில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்தவள் என்று என்னைக் கூப்பிட்டார்கள். அதுவரை நான் திராட்சைப் பந்தலுக்கு அடியில் நாள் முழுக்க அண்ணாந்து நின்று, கொத்தில் சொத்தைக் காய் கத்தரித்துக்கொண்டிருந்தவள். நாற்காலியில் உட்கார்ந்த முதல் நாளே, இனி யார் வந்து எழுப்பினாலும் எழுந்திருப்பதில்லை என்று முடிவுகட்டிவிட்டேன்.

ஆனால் சொசைட்டித் தலைவர் ஒரு கண்டிஷன் போட்டிருந்தார். மெஷின் தப்பாகக் காட்டுகிறது என்று பால் ஊற்றுகிற ஒருவர் புகார் சொன்னாலும் போதும், கம்ப்யூட்டரைத் திருப்பி அனுப்பிவிட்டுப் பழையபடி கையால் எழுதுவோம் என்று வரிசையில் எல்லாரும் கேட்கவே சொன்னார். கையால் எழுத அங்கே ஏற்கெனவே ஆள் இருந்தது. நான் மறுபடி பந்தலுக்குத்தான் போகணும்.

எலக்ட்ரானிக் தராசும், பாலின் கொழுப்பை அளந்து விலைக்குக் கணக்குக் கொடுக்கிற ஃபேட் மெஷினும் கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஆளுக்கொரு சீரியல் போர்ட்டில் சொருக வேண்டியவை. இருந்த இரண்டு போர்ட்டில் ஒன்று, வந்த வாரமே இடி மழையில் போய்ச் சேர்ந்தது. தேனியிலிருந்து வந்த மெக்கானிக் ஒரு தகரப் பெட்டி கொண்டுவந்து, இரண்டு மெஷினின் வயரையும் அதில் சொருகி, அதிலிருந்து ஒரே வயரைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தார். பெட்டிமேல் ஒரு திருகு. இடது பக்கம் திருப்பினால் எடை வரும், வலது பக்கம் திருப்பினால் ஃபேட் வரும்.

வயர் நீளம் பத்தாமல் பெட்டி தராசுப் பக்கமே உட்கார்ந்துவிட்டது. எனக்குக் கை எட்டாது. ஆகவே பால் ஊற்றுகிறவர்களே திருப்பிக்கொள்வார்கள். எடை பார்த்து வலது பக்கம், ஃபேட் பார்த்துவிட்டு அடுத்த ஆளுக்காக மறுபடி இடது பக்கம். ரேஷன் கடையில் ஒருவரை ஒருவர் இடித்துத் தள்ளுகிற அதே ஜனங்கள்தான். இங்கே மட்டும் அப்படி ஒரு பதவிசு.

வரிசையில் ஒரு எருமைக்கார அத்தை உண்டு. வாய் திறந்தால் பஸ் ஸ்டாண்ட் வரை கேட்கும். தன் எருமைப்பால் கெட்டிக்கு ஊரில் நிகரில்லை என்பார், அது உண்மையும்கூட. கம்ப்யூட்டரைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

ஒருநாள் காலை அவருக்கு வந்த சீட்டைக் கிழித்துக் கொடுத்த பிறகுதான் பார்த்தேன். முன்னால் ஊற்றியவரின் பசும்பாலுக்கு வந்த அதே குறைந்த ஃபேட். திருகு பாதியில் சிக்கி நின்றிருந்தது. புது எண் வராததால் பழைய எண்ணே அவர் சீட்டில் ஏறிவிட்டது. தலைவர் வேறு வாசலிலேயே டீ கிளாசோடு நின்றார்.

"என்னத்தா, சீட்டையே பாத்துக்கிட்டு நிக்கிற? மெஷினு தப்பாக் காட்டுதா?" என்று அவர் அத்தையைக் கேட்டார்.

அத்தை சீட்டைப் பார்த்தார், திருகைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"மெஷினு சரியாத்தேன் காட்டுது. கேனைக் கழுவுன தண்ணிய வடிக்காம பால ஊத்திக் கொண்டாந்துட்டேன்."

பால் ஊற்றுகிறவர்கள் செத்தாலும் சொல்லாத வார்த்தை அது. வரிசையில் யாரோ சிரித்தார்கள். "இல்ல அத்தை, அந்தப் பெட்டியிலதேன்..." என்று நான் ஆரம்பித்தேன். "வாய மூடு ஆத்தா. அடுத்தாளுக்கு எடையப் போடு" என்று அதட்டி, திருகை அழுத்தித் திருப்பிவிட்டுப் போனார்.

மறுநாளிலிருந்து, திருப்புகிறவர் "திருப்பியாச்சு" என்று குரல் கொடுத்த பிறகுதான் நான் பட்டனைத் தட்டுவேன். அப்புறம் ஒரு தப்பும் வரவில்லை. கம்ப்யூட்டர் நிலைத்தது, நானும் நிலைத்தேன். என் கல்யாணம், வீடு, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதித்ததுதான். அத்தனைக்கும் அந்த அத்தைக்குத்தான் நான் நன்றி சொல்லணும்.

சீட்டு மாறிய அன்றைக்குச் சாயங்காலமே அவர் தொழுவத்துக்குப் போய், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று அழுதேன். அவர் கறப்பதை நிறுத்தவில்லை.

"எம் பேரு கெட்டா நாளைக்கு எம் பாலு பேசும். உன் வேல போனா உனக்காக யாரு பேசுவா?"

மறுநாள் ஃபேட் பழையபடி ஏறி, பால் பேசத்தான் செய்தது. ஆனால் ஊர் கேட்கவில்லை. "தண்ணி வடிச்சாச்சா?" என்று வரிசையில் வருஷக்கணக்காகக் கேலி செய்தார்கள். அந்த வாய்க்காரி ஒருநாளும் பதில் சொன்னதில்லை.