திரும்பிப் பார்க்காமல்

குளக்கட்டில் ஏறியதும் ஞானேஸ்வரி நடப்பதில்லை. கொண்டையை இறுக்கி முடிந்து, வீட்டுச் சட்டையை இடுப்பில் செருகினால் உள்ளே மகன் ரஜிதனின் பழைய காற்சட்டை தெரியும். பிறகு ஓட்டம்தான். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஒட்டுசுட்டானில் வீட்டோடு தையல் மெஷின் வைத்திருப்பவர். குளத்து நீரைத் திறந்துவிடும் துருசு கட்டின் மறுமுனையில் இருக்கிறது. அதுவரை ஓடித் திரும்புவார். பின்னால் நான் சைக்கிளில் போகிறேன். சொல்ல வெட்கம்தான், எனக்கு அவரைவிட வயது குறைவு.

அவருக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு. கிளினிக்கில் நடக்கச் சொன்னார்கள். இவர் சில நாள் நடந்துவிட்டு ஓடத் தொடங்கிவிட்டார். "நடந்தா வீட்டு யோசினையும் கூட நடந்து வருது தம்பி. ஓடினாத்தான் அது இளைச்சுப்போய் நிக்குது." இப்போது சீனி இறங்கியிருக்கிறது. மெஷின் மிதித்து வந்த முழங்கால் வலியைக் காணோம். இரவெல்லாம் முகட்டைப் பார்த்துக் கிடந்தவர் இப்போது படுத்ததும் குறட்டை விடுவதாக ரஜிதன் சொல்கிறான். "அது அவன்ர புளுகு" என்கிறார் இவர்.

முதல் நாள் ஓடியதுதான் பெரிய கூத்து. விடிகிற நேரம் இவர் ஒழுங்கையால் ஓட, பக்கத்து வீட்டு வீரகத்தி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பேரனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு அவரும் ஓடினார். அவருக்குப் பின்னால் மனைவி, உடுப்புப் பையோடு. அதற்கும் பின்னால் இன்னும் இரண்டு வீட்டார். எங்கள் வன்னியில், சண்டைக் காலத்தில், ஓடுகிறவரை மறித்துக் காரணம் கேட்க யாருக்கு நேரம் இருந்தது? திரும்பிப் பார்த்த ஞானேஸ்வரி, ஊரே ஓடிவருவதைக் கண்டு பயந்து இன்னும் வேகமாக ஓடினார். குளக்கட்டில் எல்லோரும் மூச்சு வாங்க நின்ற பிறகுதான் வீரகத்தி கேட்டார்:

"பிள்ளை, என்னத்துக்கு ஓடுறம்?"

"சீனிக்கு, அண்ணை."

அன்று மாலையே வீடு வீடாகப் போய்ச் சொன்னார்: "நாளைக்கும் ஓடுவன். ஒண்டுமில்லை. நீங்கள் இருந்து தேத்தண்ணியைக் குடியுங்கோ."

ஊர் பழகிவிட்டது. அவருடைய கழுத்துதான் பழகவில்லை. நாலு எட்டு வைத்தால் தலை தானாகப் பின்னால் திரும்பும். கடைசிச் சண்டையில் ரஜிதனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடியபோது ஒட்டிய பழக்கம் அது. போன வருடம் அப்படித் திரும்பிப் பார்த்துத்தான் கல்லில் இடறிக் குளக்கட்டிலிருந்து உருண்டார். காலில் பட்ட காயம் ஆற மாதக்கணக்கானது. சீனிக்காரருக்குக் காயம் லேசில் ஆறாது. அவர் காலில் போட்டு ஓடும் சப்பாத்தை ரஜிதன் ஒளித்து வைத்துவிட்டான். படாத பாடுபட்டுத்தான் அதைத் திரும்ப வாங்கினார்.

"இன்னொருக்கா விழுந்தா என்ர ஓட்டம் முடிஞ்சுது தம்பி. பிறகு பழையபடி முகட்டைப் பாத்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். ஒரு நாளைக்கெண்டாலும் துருசடி வரைக்கும் திரும்பிப் பாக்காமப் போகோணும்."

நேற்றுக் காலை பாதிக் கட்டைத் தாண்டியிருந்தோம். எங்களுக்குப் பின்னால், வயலில் யாரோ யானையை விரட்ட வெடி கொளுத்தினார்கள். பிரேக்கைப் பிடித்து, காலை ஊன்றித் திரும்பிப் பார்த்தேன். புகை எழும்பியது. கொக்குகள் கலைந்து பறந்தன.

மறுபடி முன்னால் பார்த்தபோது ஞானேஸ்வரி வெகுதூரம் போயிருந்தார். அவிழ்ந்த கொண்டையை இரண்டு கையாலும் முடிந்தபடி, துருசைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தார்.