தானாக அடிக்கும் மணி

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் ஊரார் லிஃப்டின் முக்கல் முனகலைக் காது கொடுத்துக் கேட்பவர், வீட்டுக்கு வந்ததும் அந்தக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு எலெக்ட்ரானிக் டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்துவிடுவார். பாட்டும் தாளமும் அவர் காதுக்குள். ரப்பரில் குச்சி படுகிற தொப்பு தொப்பு மட்டும்தான் என் பங்கு. கீழ் வீட்டு அக்கா சண்டைக்கு வரக்கூடாது என்று இந்த ஏற்பாடு. அதனால் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் வாசித்து நான் கேட்டதே இல்லை.

அதே அறையில் ஜன்னலோரம் என் தையல் மெஷின். "சாப்பிடலாமாங்க" என்று கேட்டால் தலையை ஆட்டுவார். அது எனக்குப் பதிலா, பாட்டுக்கு ஆட்டமா என்று தெரிவதற்குள் சாப்பாடு ஆறிவிடும். எரிச்சலாகத்தான் வரும். ஆனாலும் அந்த இடத்தை நான் விடமாட்டேன். பேசாவிட்டால் என்ன, பக்கத்தில் இருக்கிறாரே.

டிரம்ஸுக்கு மூளை மாதிரி ஒரு பெட்டி உண்டு. குச்சியால் அடிக்கிற தட்டுகளிலிருந்து வரும் வயரெல்லாம் அதில்தான் போய்ச் சொருகும். இருந்த எட்டு ஓட்டையும் நிரம்பிவிட்டது. மனுஷனுக்கு மணிச் சத்தமும் ஒன்று வேண்டுமாம். கூடுதல் ஓட்டைகள் உள்ள குட்டிப் பெட்டி ஒன்றை வாங்கிவந்து பழையதோடு இணைத்தார். புதுத் தட்டு அவர் கைவேலை. வட்டமாக ஒரு பலகை, அதன் அடியில் கோட்டுப் பொத்தான் அளவுக்கு ஒரு பித்தளை வில்லை, மேலே பழைய செருப்பிலிருந்து வெட்டிய ரப்பர். அதிர்வு பட்டால் வில்லை பெட்டிக்குச் சொல்லும், பெட்டி மணி அடிக்கும். ரப்பர் தடிமன் என்பதால் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் மணி வரவில்லை. பெட்டியின் உணர்திறனை முழுக்க ஏற்றி வைத்தார். மணி வந்தது. அப்புறம், அடிக்காமலும் வந்தது.

குச்சியைத் தூக்கிப் பிடித்தபடி திருதிருவென்று விழிப்பார். தட்டைப் பிரிப்பார், வயரை மறுபடி பற்றவைப்பார். குட்டி போட்ட பூனை மாதிரி டிரம்ஸைச் சுற்றிச் சுற்றி வருவார்.

"எதுவோ ஆட்டுது. எதுன்னு மட்டும் தெரியட்டும், இந்த ரூமை விட்டே தூக்கிடறேன்" என்றார் ஒருநாள்.

எது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அந்த அறையில் தரை சமமில்லை. நீளமான ஒரே பலகையை மெஷின் காலுக்கும் டிரம்ஸ் காலுக்கும் சேர்த்துத்தான் போட்டிருந்தோம். நான் மிதியை அழுத்தித் தையலைத் தொடங்கினால் அவர் துள்ளுவார். நிறுத்தினால் அடங்குவார். சொன்னால் என்ன நடக்கும்? என் மெஷின் உள் அறைக்குப் போகும். பெட்டி படுக்கையெல்லாம் அடுக்கி வைத்த இருட்டறை. அங்கே தனியாக உட்கார்ந்து தைக்க என்னால் ஆகாது. வாயை மூடிக்கொண்டேன்.

வாய்தான் மூடியிருந்தது, கால் சும்மா இருக்கவில்லை. கூப்பிட்டு அவர் திரும்பாவிட்டால் மிதியில் ஓங்கி ஓர் அழுத்து. மனுஷன் ஓரடி எழும்பி உட்காருவார். இத்தனை வருஷமாக என் குரல் போகாத காதுக்குள் என் கால் போய்விட்டது. ஒன்றும் தெரியாதவள் மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். சந்தோஷமென்றால் அப்படி ஒரு சந்தோஷம்.

ஒரு மாலை திரைச்சீலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். அவர் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தார். ஸ்க்ரூ டிரைவரும் புதுத் தட்டுமாக நேராக என் மெஷினுக்கு அடியில் புகுந்தார். கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன், இனி இருட்டறைதான் என்று நினைத்தேன்.

"உள்ள கொண்டுபோயிடாதீங்க" என்றேன்.

"மணி ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி முடியுது" என்றார் மேசைக்கடியிலிருந்து. "ரெண்டு, நின்னு மறுபடி ரெண்டு. தையல் பிரியாம இருக்க நீ கடைசில பின்னால ரெண்டு, முன்னால ரெண்டு போடுவியே, அது."

"எப்பத் தெரிஞ்சுது?"

"போன வாரமே."

"அப்புறம் எதுக்குங்க தினமும் வயரைப் பிரிச்சு மாட்டினீங்க?"

"நீ அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டு சிரிப்பியா, தோள் குலுங்கும். அதைப் பார்க்கத்தான்."

எனக்கு அழுகையா சிரிப்பா என்று புரியவில்லை. துணியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தேன். புதுத் தட்டிலிருந்து பித்தளை வில்லையைக் கழற்றி, என் மெஷின் பலகையின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தார். வெளியே வந்து ஹெட்போனை எடுத்து என் தலையில் மாட்டினார்.

"இப்ப தை."

நான் மிதித்தேன். காதுக்குள் மணி அடித்தது. அவர் காதில் எதுவும் விழாமலே குச்சியை எடுத்து, என் கால் மிதிப்பதைப் பார்த்து அடிக்க ஆரம்பித்தார். முதன்முறையாக அவர் வாசிப்பைக் கேட்டேன். பெரிய வித்வான் என்று நினைத்திருந்தேன், சுமார்தான். தாளம் நழுவும் இடத்தில் நான் மிதியைக் கொஞ்சம் நிதானித்து அவருக்காகக் காத்திருந்தேன். அவர் வந்து சேர்ந்துகொண்டார்.