அழகப்பன் பைப்புப் பிடித்த கதை

துறைமுகத்தில் அவருக்குச் சுருட்டு அழகப்பன் என்றே பெயர். கிரேன் ஓட்டுகிற வேலை. பகலெல்லாம் உயரத்தில் பெட்டிக்குள் உட்கார்ந்து, நெருப்பில்லாத சுருட்டைக் கடித்தபடி மூட்டைகளை இறக்குவார். பஃபலோ ரோட்டு வீட்டுக்கு வந்து குளித்த பிறகுதான் பற்றவைப்பார். தடித்த திருச்சிச் சுருட்டு. அதன் புகை ஒருமுறை கூடத்துக்குள் புகுந்தால் திரைச்சீலையை விட்டு லேசில் போகாது. அதனால் அவர் மனைவி சந்திரமதி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்: சுருட்டெல்லாம் பின்சந்தோடு சரி. அழகப்பனும் முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். பற்றவைத்ததைப் பாதியில் போட மனசு வராது. அவர் உள்ளே வருவதற்குள் சந்திரமதி பசி பொறுக்காமல் தனியாகச் சாப்பிட்டு முடித்திருப்பாள்.

ஐம்பதுகளின் நடுவில் துணிக்கடை முகைதீன் ஒரு நாடகக் குழு நடத்தினார். ஆள் பெரிய உருவம், குரல் கட்டை என்பதால் அழகப்பனுக்கு எப்போதும் வில்லன் வேஷம்தான். அந்த வருஷம் ரப்பர் தோட்டத்துக் கதை; அவர் தோட்டத்துத் துரை. முதல் ஒத்திகைக்கு வழக்கம்போல் வாயில் சுருட்டோடு வந்து நின்றார். முகைதீன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“அண்ணே, துரை சுருட்டோட வந்தா ஜனங்க கங்காணின்னு நெனச்சுக்கும். பைப்பு வேணும்லா.”

“பைப்புக்கு எங்க போவேன்? ராஃபிள்ஸ் பிளேஸ் கடைக் கண்ணாடிக்குள்ள வச்சிருக்கான். வெலையக் கேட்டா அதுக்கு ஒரு பசுமாடே வாங்கலாம்.”

“சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தையில போய்ப் பாருங்க. எல்லாம் கெடைக்கும்.”

சுங்கை ரோட்டில் நின்றுபோன கடிகாரங்களுக்கும் பட்டாளத்து பூட்ஸுகளுக்கும் நடுவில் உண்மையாகவே ஒன்று கிடந்தது. மரம் நல்ல மரம். இழை இழையாக ரேகை ஓடியது. ஆனால் கிண்ணத்துக்குள் கரி அப்பியிருந்தது, தண்டில் எவரோ கடித்த பல் தடம். விற்ற சீனர், நாலு பேர் தேத்தண்ணி குடிக்கிற காசுக்கே கொடுத்துவிட்டார்.

சந்திரமதி அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள்.

“எவன் வாயில கெடந்ததோ! இத நீங்க வாயில வைக்கப் போறீங்களா? குடுங்க இங்க.”

தண்டைக் கழற்றினாள். பேனாக்கத்தியால் கரியைச் சுரண்டினாள். கிண்ணம் நிறைய உப்பைக் கொட்டி, முழங்கால் வலிக்குத் தேய்க்க வைத்திருந்த சாராயத்தை அதன் மேல் ஊற்றி ஜன்னலில் வைத்தாள். மறுநாள் பார்த்தால் உப்பு காப்பித்தூள் நிறத்துக்கு மாறியிருந்தது. அதைத் தட்டிவிட்டு, துடைத்து, வெயிலில் காயவைத்தாள். பழைய முதலாளியின் வாடை போன இடம் தெரியவில்லை.

டப்பாவில் வரும் பைப்புப் புகையிலை அவர் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகாது. அழகப்பன் தன் சுருட்டு ஒன்றை எடுத்துப் பாக்குவெட்டியால் பொடிப்பொடியாக நறுக்கினார். கிண்ணத்தில் அழுத்தித் திணித்து, சுருட்டை இழுப்பதுபோலவே இழுத்தார். பைப்பு கையில் பிடிக்க முடியாதபடி கொதித்தது. நாக்கு பொத்துப் போயிற்று.

“என்ன சந்திரா, ரசத்துல உப்பு இல்லையா?”

“உப்பும் இருக்கு, புளியும் இருக்கு. ஒங்களுக்குத்தான் நாக்கு இல்ல.”

மேடையில் நெருப்பில்லாமல் சும்மா பிடித்துக்கொண்டால் போதும் என்று முடிவு செய்தார். ஆனாலும் ஒரு மாலை, கூடத்தில் வசனம் பாடம் பண்ணும்போது, இந்தத் தடவை லேசாக நிரப்பிப் பற்றவைத்துப் பார்த்தார். மற்றவர்கள் வசனத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து சந்திரமதி படித்தாள். துரையின் வசனம் நீளம். பேசி முடிப்பதற்குள் நெருப்பு அவியப் பார்த்தது. அணையாமல் இருக்கட்டுமே என்று சூடான காப்பியை உறிஞ்சுவதுபோல் மெதுவாக ஓர் இழுப்பு இழுத்தார். நூல்போலப் புகை வந்தது. அதில் ஓர் இனிப்பு. இத்தனை வருஷம் அவர் குடித்த அதே இலைதான். இப்படி ஒரு ருசி அதற்குள் இருந்ததே தெரியாமல் போயிற்று. நாலு வரி வசனம், ஓர் இழுப்பு. மறுபடி நாலு வரி. அன்று அவரைப் பின்சந்துக்குப் போகச் சொல்ல சந்திரமதிக்குத் தோன்றவே இல்லை.

நாடகம் ஃபேரர் பார்க் திடலில் நடந்தது. அழகப்பன் பைப்பைப் பற்றவைத்தே மேடை ஏறினார். புருஷனை இழந்த பால்மரத் தொழிலாளி, பிள்ளைத்தாய்ச்சி, தன்னைத் தோட்டத்து லயத்து வீட்டை விட்டுத் துரத்த வேண்டாமென்று துரையின் காலில் விழுகிற கட்டம். அந்த வேஷம் குழுவில் இருந்த சரஸ்வதிக்கு. அழகப்பன் “வெளியே போ!” என்று கத்த வேண்டும். பார்த்தால் பைப்பு அணைந்திருந்தது. பதற்றத்தில் வசனமும் மறந்துவிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் தீக்குச்சியை உரசினார். திடல் காற்று அணைத்தது. இன்னொன்று, அதுவும் போயிற்று. சரஸ்வதி காலடியில் தேம்பிக்கொண்டே இருந்தாள். அடுத்த குச்சி பிடித்துக்கொண்டது. ஓர் இழுப்பு இழுத்து, புகையை விட்டு, வசனம் நினைவு வராமலே, மெல்லிய குரலில் “போ” என்றார்.

“அடப் பாவி!” என்று பெண்கள் பக்கத்திலிருந்து கூச்சல். ஒரு செருப்பு மேடையில் வந்து விழுந்தது. திரைக்குப் பின்னால் முகைதீன் அவரைக் கட்டிக்கொண்டார்.

வேஷம் கலைந்தும் பைப்பு அவரோடு தங்கிவிட்டது. ஒரு சுருட்டை நறுக்கினால் பல மாலைகளுக்கு வந்தது. சின்னக் கிண்ணம், சந்திரமதி சோறு வடித்து இறக்குவதற்குள் முடிந்துவிடும். இருவரும் சேர்ந்தே சாப்பிட்டார்கள். நாளடைவில் புகையிலையை நறுக்கி நிரப்புவதும் அவள் கைக்குப் போயிற்று. “நீங்க அமுக்கிடுவீங்க” என்பாள்.

ஒரே ஒரு கஷ்டம். தேக்கா சந்தையில் அப்பம் சுட்டு விற்கும் ருக்கையா அந்த நாடகத்தைப் பார்த்திருந்தார். அழகப்பன் போய் நின்றால் அவருக்கு அப்பம் கிடையாது.

“வயித்துப் பிள்ளைக்காரியத் தொரத்தினவன் நீதானே? ஒனக்கு என் கையால குடுக்க மாட்டேன்.”

“ருக்கையாக்கா, அது நாடகம்.”

“நாடகமோ என்னமோ, ஒன் மூஞ்சியில ஒரு எரக்கம் இல்லையே!”

மாதக்கணக்கில் சந்திரமதிதான் போய் வாங்கி வந்தாள். ஒருநாள் அவளுக்குக் காய்ச்சல். வேறு வழியில்லாமல் அழகப்பன் போனார். ருக்கையா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அந்தப் பொண்ணு அப்புறம் என்னதான் ஆனா?” என்று கேட்டார்.

நாடகத்தில் அது சொல்லப்படவே இல்லை. அழகப்பன் பைப்பை வாயிலிருந்து எடுத்தார்.

“ஜொகூர்ல அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா, அக்கா. ஆம்பளப் பிள்ள. தாயும் பிள்ளையும் சொகமா இருக்காங்க.”

“நெசமாவா?”

“நெசமாத்தான்.”

ருக்கையா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஓரம் முறுகின அப்பமாகப் பார்த்து எடுத்து இலையில் அடுக்கத் தொடங்கினார்.