எட்டுப் பத்துக்கு ஓர் இடம்

புளோரிடாவில் ஒரு கடற்கரை ஊருக்கு ஒரு வாரம் போய்வரலாமா என்று நான் கேட்டபோது, என் மனைவி அகப்பையும் கையுமாக அப்படியே நின்றாள். கல்யாணம் கட்டி இருபத்தாறு வருடத்தில் ஜெர்மனியில் எங்கள் ஊரான வுப்பர்டாலை விட்டு நாங்கள் போனதெல்லாம் சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களுக்குத்தான். பாரிஸ், லண்டன், ஒருமுறை டொரொன்டோ. மூன்று ஊரிலும் மண்டபத்தைத்தான் பார்த்தோம்.

"அங்க எங்களுக்கு ஆர் இருக்கினம்?" என்றாள்.

"ஒருத்தரும் இல்லை. அதுதான் போவம் எண்டுறன். நீர் போய்க் குருவி பாக்கலாம், நான் கோல்ப் விளையாடலாம்."

சொன்னது பொய். அங்கே ஒருவர் வருவார் என்று எனக்குத் தெரியும். அந்த ஆளுக்காகத்தான் நான் போக நினைத்ததே.

நான் ஊருக்கு வெளியே ஒரு கோல்ப் மைதானத்தில் புல் வெட்டுகிறவன். பத்தொன்பது வருடமாகிறது. பதினெட்டுக் குழிகளையும் கண்ணை மூடிக்கொண்டு சுற்றி வருவேன். எந்தப் பள்ளத்தில் மழைத் தண்ணீர் தேங்கும், எந்த மரத்தடியில் புல் பிடிக்காது என்று எனக்குத் தெரியும். ஒரு பந்தை மட்டும் அங்கே அடித்ததில்லை. ஆட்கள் அடிக்கும்போது இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது எங்கள் வேலை ஒழுங்கு.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை ஏழாவது குழியருகே அப்படி ஒதுங்கி நின்றேன். நான்கு பேர் வந்தார்கள். மூன்று பேர் ஜெர்மன்காரர்கள், நாலாவது ஆள் அண்ணை.

அண்ணை என்றால் கூடப்பிறந்தவர் அல்ல. அகதியாக வந்த புதிதில் ஹைமில், அந்த அகதிகள் விடுதியில், ஒரே அறையில் பதினாறு மாதம் இருந்தோம். ஒரே பானையில் சோறு. குளிருக்கு இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஜாக்கெட்தான். அதைப் போட்டுக்கொண்டு ஒருவர் வெளியே போனால், அவர் வரும்வரை மற்றவர் போர்வைக்குள் கிடப்பார். பிறகு அவர் படித்தார், ஒரு பெரிய கம்பெனியில் மேலாளர் ஆனார். அதில் எனக்குப் பொறாமை இல்லை. இருந்தது, வெளியே சொல்கிற அளவுக்கு இல்லை.

நான் சிரித்துக்கொண்டு கையைத் தூக்கினேன். அவர் என்னை நன்றாகப் பார்த்தார். பிறகு ஜெர்மனில், இன்னும் கொஞ்சம் தள்ளி நிற்க முடியுமா என்று கேட்டார். தள்ளி நின்றேன். நன்றி சொன்னார். தெரிந்தவரா என்று கூட வந்த ஒருவர் அவரிடம் விசாரித்தது என் காதில் விழுந்தது. இல்லை என்றார் அண்ணை.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் அதே ஆள் என் முதுகில் தட்டி, "என்னடா தம்பி, பிள்ளையள் எப்பிடி?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோயிலில் நான் தம்பி, புல்வெளியில் யாரோ. அந்த வாயாலேயே, அந்த ஜெர்மன்காரர்களுக்கு முன்னால், இவன் என் தம்பி என்று சொல்லவைக்க வேண்டும். அன்றிலிருந்து எனக்கு இந்த ஒரே நினைப்புத்தான்.

ஈஸ்டர் முடிந்த கையோடு அந்த ஜெர்மன்கார மேலதிகாரிகளுடன் அவர் எந்த ஊருக்குப் போகிறார், எந்த மைதானத்தில் விளையாடுகிறார் என்பதை அன்னதான வரிசையில் நிற்கிற ஆண்கள் எல்லாருமே வருடாவருடம் கேட்டிருக்கிறோம். புளோரிடாவில் காலையில் கோல்ப், பின்னேரம் டொல்பின்.

ஜெர்மனியில் கோல்ப் விளையாட ஒரு பரீட்சை எழுதி, அடித்தும் காட்ட வேண்டும். பிளாட்ஸ்ரைஃப என்பார்கள். வேறொரு மைதானத்தில் சேர்ந்து, பயணப் பேச்சை எடுக்கும்வரை வீட்டில் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டுச் சனிக்கிழமைகளில் பழகினேன். ஒவ்வொரு அடிக்கும் ஒரு பிடி புல் பறந்தது. மற்றவர்கள் பந்து போன திசையைப் பார்க்க, நான் குனிந்து புல்லைத் திரும்ப ஒட்டிக்கொண்டிருந்தேன். எப்படியோ பாஸ் பண்ணினேன். பிறகுதான் தெரிந்தது, புளோரிடாவில் அந்த மைதானத்தில் பரீட்சைச் சான்றிதழே கேட்பதில்லையாம். என் தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

மனைவி ஒரு கொப்பி வாங்கி அதில் பயணத்தை எழுதத் தொடங்கினாள். கூழைக்கடா, மீன்கொத்தி, கடற்பசு. செவ்வாய்க்கிழமை காலை கண்டல் காட்டுக்குள் படகு. "மன்னார்க் கடலில இருக்கெண்டு சொல்லுவினம், கண்ணால காணேல்லை" என்று கடற்பசுவுக்குக் கீழே இரண்டு கோடு போட்டாள். மேசையின் மறுபக்கம் இருந்து நான் அந்த மைதானத்தின் வான்படத்தை ஆராய்ந்தேன்.

"கோல்ப் குளத்தில முதலை இருக்குமாமே. கடிக்குமோ?" என்று கேட்டாள்.

"ஒரு ஆளைக் கடிச்சாப் போதும்" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை.

சொல்லாமல் பயணம் போகிற பழக்கம் எங்கள் ஆட்களிடம் கிடையாது. என்ன உடுப்புக் கொண்டுபோகலாம் என்று கேட்கிற சாட்டில் அவள் அண்ணையின் மனைவிக்கே போன் பண்ணிப் பயணம் சொல்லிவிட்டாள். போனை வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"அவையும் அதே ஊராம், அதே கிழமையாம்" என்றாள். நான் சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். ஏழாவது குழிக் கதை அவளுக்குத் தெரியும். "அதுதானே பாத்தன், எனக்குக் குருவி காட்ட உங்களுக்கு எங்கால ஆசை வந்ததெண்டு."

அன்றே கொப்பி குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே போய்விட்டது. என் வஞ்சத்துக்கு அவளுடைய கடற்பசுவைச் சாட்டாக வைத்தது எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் போகாமல் விடுகிற எண்ணம் வரவில்லை.

மூன்றாம் நாள் அண்ணையே போன் பண்ணினார். நான் கோப்பை கழுவிக்கொண்டிருந்ததால், ஈரக் கையோடு ஸ்பீக்கரில் போட்டேன். மனைவி பக்கத்தில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"தம்பி, ஒண்டு சொல்லோணும், குறை நினையாதேங்கோ" என்றார். முப்பது வருடத்தில் அன்றைக்குத்தான் எனக்கு மரியாதை வைத்துப் பேசினார். "என்னோட வாறவை என்ர கம்பெனிப் பெரியவை. நீங்களும் கோல்ப் விளையாட வாறியளாம். அங்க கண்டால், உங்களுக்கு விளங்கும்தானே."

"விளங்கேல்லை அண்ணை. வடிவாச் சொல்லுங்கோ."

"நான் இங்க படிக்க வந்தனான் எண்டுதான் அவைக்குத் தெரியும். ஹைம் கதை ஒண்டும் தெரியாது. தெரியாத ஆக்கள் மாதிரி இருந்தா நல்லம். நாங்கள் செவ்வாய் காலமை எட்டுப் பத்துக்குத் துவங்குறம். அந்த நேரம் மட்டும் வராதேங்கோ, தம்பி."

மூன்று வருடமாக நான் கேட்க ஆசைப்பட்ட தம்பி அது. இப்படியா அது வர வேண்டும்!

"சரி அண்ணை" என்று போனை வைத்தேன்.

கையைத் துடைத்துவிட்டு அந்த மைதானத்தின் பக்கத்தைத் திறந்தேன். கோல்ப்பில் நான்கு பேர் ஒரு கூட்டமாகப் போவார்கள். மூன்று பேர்தான் என்றால் மிச்ச இடத்தை யாரும் எடுக்கலாம். முதல் குழியில் நான்கு பேரும் கைகொடுத்து, யார், எங்கே இருந்து என்று சொல்லிக்கொள்வது வழக்கம். செவ்வாய், எட்டுப் பத்து. மூன்று பேர் பதிந்திருந்தார்கள். ஓர் இடம் காலி.

செவ்வாய் காலைதான் படகு. என் விரல் அப்படியே நின்றது.

திரையை எட்டிப் பார்த்த மனைவி கத்தியை வைத்துவிட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலிருந்த கொப்பியை எடுத்தாள். செவ்வாயை வெட்டிவிட்டுப் புதன் என்று எழுதினாள்.

"அமத்துங்கோ" என்றாள்.

அமத்தினேன். பதிவு உறுதி என்று வந்தது. அவள் திரும்பவும் வெங்காயத்துக்குப் போனாள்.

"முதல் குழியில கை குடுக்கேக்க அந்த ஜாக்கெட் கதையைத் துவங்குங்கோ" என்றாள். "ஆறுதலாச் சொல்லுங்கோ. பதினெட்டுக் குழி இருக்கெல்லோ."